பூச்சி திருத்தும் நோட்டு

(தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிறு குழந்தைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். மூன்றே பொருள்களை வைத்துக்கொண்டு பேசுகிறேன். உயிருள்ள ஒரு பூச்சி, குழந்தையின் நோட்டு, ஆசிரியரின் கைப்பேசி. மூன்றும் இப்போதே நம் பள்ளிகளில் இருப்பவைதாம். பூச்சி வேலியோரம் இருக்கிறது. நோட்டு, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதப் பயன்படுகிறது. கைப்பேசியோ வருகைப்பதிவு ஏற்றவும் மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்பவுமே நேரம் போதாமல் கிடக்கிறது. இந்த மூன்றையும் ஒரே மேசைமீது வைத்தால் ஒரு குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பதே என் பேச்சு.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் என்றொரு கிராமம். அங்கே உள்ள தொடக்கப்பள்ளியில் 8 வயதிலிருந்து 10 வயது வரையுள்ள 25 குழந்தைகள் சேர்ந்து தேனீக்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். 2010 டிசம்பரில் அந்த ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் வெளிவந்தது. குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் வந்ததன்று; ஆய்வாளர்கள் எழுதும் இதழில், ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பிள்பீ என்னும் உருண்டு திரண்ட, ரோமம் அடர்ந்த தேனீ வகை. ஒளி புகும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் விளக்கு எரியும் வண்ண வட்டங்கள் கொண்ட பலகைகளை வைத்தார்கள். ஒவ்வொரு பலகையிலும் வரிசைக்கு நான்காக 16 வட்டங்கள். சில பலகைகளில் ஓரத்து 12 வட்டமும் மஞ்சள், நடு நான்கும் நீலம். சிலவற்றில் ஓரம் நீலம், நடு மஞ்சள். சர்க்கரைத் தண்ணீர் நடுவில், உப்புத் தண்ணீர் ஓரத்தில். நீலம்தான் இனிப்பு என்று ஒரு தேனீ முடிவு கட்டிக்கொண்டால் அடுத்த பலகையில் ஏமாந்துபோகும். சுற்றிலும் என்ன நிறம் என்று பார்த்து, நடுவில் வேறு நிறத்தைத் தேட வேண்டும். தேனீக்கள் பழகிக்கொண்ட பிறகு இனிப்பை எடுத்துவிட்டு, நிறத்தையும் இடத்தையும் மாற்றி மாற்றி வைத்து, எங்கே போய் உட்காருகின்றன என்று எண்ணினார்கள். நிறத்தையும் இட அமைப்பையும் இணைத்துப் பார்த்துத் தேனீக்களால் முடிவெடுக்க முடிகிறது என்று கண்டார்கள். எல்லாத் தேனீயும் ஒரே வழியில் விடைக்கு வரவில்லை என்பதையும் கண்டார்கள்.

கட்டுரையில் முந்தைய ஆய்வு நூல்களின் பட்டியல் கிடையாது. படங்கள் குழந்தைகள் கையால் வண்ணம் தீட்டியவை. போ லாட்டோ என்ற நரம்பியல் ஆய்வாளர் அவர்களுடன் இருந்தார். யார் என்ன செய்தார்கள் என்பதைக் கட்டுரையே ஒளிக்காமல் சொல்கிறது. கேள்வி, ஊகம், விளையாட்டுப் போல அமைத்த சோதனை, கணக்கு, முடிவு எல்லாம் குழந்தைகளுடையவை. தேனீக்களைப் பழக்கியதும், குழந்தைகள் சொல்லச் சொல்ல எழுத்தில் இறக்கியதும் லாட்டோ.

இந்த வேலைப் பிரிவினையை நீங்கள் கவனிக்க வேண்டும். நம் வகுப்புகளில் வாக்கியம் ஆசிரியருடையது, கையெழுத்து குழந்தையுடையது. அங்கே வாக்கியம் குழந்தைகளுடையது, எழுதிய கை பெரியவருடையது. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு மனத்தில் இருப்பதையெல்லாம் எழுதக் கை வராது. அதற்காக அறிவியல் காத்திருக்க வேண்டியதில்லை. அது சொல்வதை, அது சொன்ன சொல்லிலேயே, ஆசிரியர் எழுதிக் கொடுக்கட்டும். அடியில் குழந்தையின் பெயர் இருக்கட்டும். தான் சொன்னது எழுத்தாக நிற்கிறது என்று பார்த்த குழந்தை, மறுநாள் பூச்சியைப் பார்க்கும்போதே சொல்வதற்கு ஒன்றைத் தேடிக்கொண்டு பார்க்கிறது. நான் போய்ப் பார்த்த வகுப்புகளில் எல்லாம் இது நடந்திருக்கிறது.

பம்பிள்பீ நமக்கு வேண்டாம். நமக்குக் கறிவேப்பிலைச் செடி போதும். பள்ளியில் ஒரு தொட்டியில் வைத்தால், தளிர் விடும் காலத்தில் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று தானே தேடி வந்து முட்டையிட்டுப் போகும். இளந்தளிரில் ஒவ்வொன்றாக, கடுகளவில், வெளிர்மஞ்சளாக இருக்கும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம். ஒரு பாடத்துக்கு அளவாக இயற்கையே கால அட்டவணை போட்டதுபோல் இருக்கிறது. எருக்கஞ்செடியில் வெந்தய வரியனின் புழுவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிறு குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். முருங்கையில் மொய்க்கும் கம்பளிப்பூச்சியின் பக்கமே அழைத்துப் போக வேண்டாம். மற்றபடி, காட்டிலிருந்து எதையும் பிடித்துவர வேண்டியதில்லை. செடிக்கு வந்ததை வளர்த்து, வந்த இடத்திலேயே பறக்கவிட்டால் போதும்.

முட்டை பொரிந்து வெளிவரும் புழு முதல் சில நாள்கள் பறவை எச்சம் போலவே இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக, பளபளப்பாக இருக்கும். கடைசியாகத் தோலுரித்த பிறகு பச்சையாகிவிடும். தலைக்குப் பின்னால் விரலால் மெல்லத் தொட்டால், கவட்டை போல் சிவந்த இரட்டைக் கொம்பொன்று பிதுங்கி வரும். கூடவே ஒரு நெடி. குழந்தைகள் பின்வாங்குவார்கள், உடனே மறுபடி கிட்ட வருவார்கள். எழுதச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். பாடம் முடிந்து ஆறிப்போன பிறகு எழுதச் சொன்னால் பாடப்புத்தக வாக்கியம்தான் வரும்.

ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி இப்படி எழுதியிருந்தாள்: ‘இன்னைக்கு புழு ஒண்ணுமே திங்கல. அதுக்கு வயித்தால போவுது. டப்பா பூரா ஈரம். சுத்திகிட்டே இருக்கு.’ சிவப்பு மையில் ஆசிரியர் இரண்டாம் வாக்கியத்தை அடித்துவிட்டு, மீதியை எழுத்துத் தமிழாக்கியிருந்தார். அந்த நோட்டிலேயே மிக நல்ல கவனிப்பு அந்த அடிபட்ட வாக்கியம்தான். கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்னால் புழு தின்பதை நிறுத்தி, குடலில் மிச்சமிருப்பதை நீராக வெளியேற்றிவிட்டு, ஒட்டிக்கொள்ள இடம் தேடி அலையும். வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு அம்புக்குறிகள் இருக்கும். இந்த ஈர டப்பா அதில் இருக்காது. அவள் அதைக் கண்டிருக்கிறாள். நாள் தவறாமல், தனக்குத் தெரிந்த சொல்லில் பதிவும் செய்திருக்கிறாள். மறுநாள் காலை டப்பாவைத் திறந்தால் புழு ஒரு குச்சியில் வாலை ஒட்டி, இடுப்பைச் சுற்றி மெல்லிய பட்டிழை கட்டிச் சாய்ந்திருக்கும். வயிற்றுப்போக்கு நோயா, வேறெதுவுமா என்ற கேள்விக்குப் பதிலைப் பூச்சியே எழுதிவைத்திருக்கும். அந்த நோட்டைத் திருத்தும் உரிமை பூச்சிக்குத்தான் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆசிரியரின் வேலை, அது திருத்தும் வரை குழந்தையின் வாக்கியத்தைக் காப்பாற்றி வைப்பது.

எழுத்துப்பிழை என்ன ஆவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு ஒரு வாக்கியத்தைக் குழந்தையே தேர்ந்தெடுத்து, தமிழ்ப் பாடவேளையில் பிழையில்லாமல் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். கவனிப்பு நோட்டின்மீது சிவப்பு மை படாமல் இருக்கட்டும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை எழுத்துக்கும் எண்ணுக்கும் நாம் நிறைய நேரம் ஒதுக்குகிறோம். புழு எத்தனை இலை தின்றது, நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு நீளம் கூடியது என்று அளந்து எழுதுவதும் அதே எண்ணும் எழுத்தும்தானே. தனி நேரம் கேட்கவில்லை.

இனி கைப்பேசிக்கு வருவோம். ‘பூச்சிக்கு ஆறு கால்’ என்று எல்லாக் குழந்தைக்கும் மனப்பாடம். புழுவைக் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒருவன் 16 என்பான், ஒருத்தி 14 என்பாள், இன்னொருவன் புத்தகத்தில் ஆறு என்று இருப்பதால் ஆறு என்றே எழுதிவிடுவான். இந்த மூன்று விடையையும் பலகையில் எழுதி, பக்கத்தில் பெயரையும் எழுதுங்கள். பிறகு புழுவை ஒளி புகும் ஒரு பிளாஸ்டிக் மூடியின் மேல் விட்டு, கைப்பேசியைக் கீழே பிடித்து அடிவயிற்றைப் படமெடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் முன்னால் இருக்கும் மூன்று இணைகள் கூர்மையாக, மூட்டுடன் இருக்கும். இடையில் நான்கு இணைகளும் கடைசியில் ஓர் இணையும் சதைப்பிடிப்பான குட்டைக் கட்டைகள். அவற்றின் அடியில் நுண்ணிய கொக்கிகள் பிளாஸ்டிக்கைப் பற்றப் பார்க்கும். எண்ணிக்கை 16தான். ஆனால் இரண்டு வகைக் கால்கள். முன்னங்கால் ஆறும் தின்னும்போது இலையைப் பிடித்துக்கொள்கின்றன, மற்றவை தண்டைப் பற்றிக்கொள்கின்றன. இந்தப் பத்தும் என்ன ஆகும்? வண்ணத்துப்பூச்சி வெளியே வரும்வரை இந்தக் கேள்வி நோட்டில் திறந்தே கிடக்கட்டும். புத்தகத்தில் சொன்ன ஆறும் பையன் எண்ணிய 16ம் இரண்டுமே ஏன் சரி என்று அன்றைக்கு அவர்களே எழுதுவார்கள்.

நான் வற்புறுத்துவது வரிசையை. முதலில் வெறுங்கண், அடுத்து எழுத்து, அதற்குப் பிறகுதான் கருவி. வரிசை மாறினால் அதே கைப்பேசி கெடுதலாகிவிடும். பூச்சியைப் படம்பிடித்ததும் பெயர் சொல்லும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பெரியவர்களுக்கு அவை பெரிய உதவி, நானும் பயன்படுத்துகிறேன். எட்டு வயதுக் குழந்தையிடம் முதல் நிமிடமே பெயரைச் சொல்லிவிட்டால், அதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று எழுந்துபோய்விடுகிறது. மழைக்குப் பிறகு மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சியை எத்தனை தலைமுறையாகத் தீப்பெட்டியில் வைத்து விளையாடியிருக்கிறோம். அதற்கு எட்டுக் கால். அது பூச்சிக் கூட்டத்தில் சேராது, சிலந்தியின் உறவு. இதைச் செயலி ஒரு நொடியில் சொல்லிவிடும். கால்களை எண்ணி, எழுதி, ‘பூச்சின்னா ஆறுதானே, இதுக்கு ஏன் எட்டு?’ என்று ஒரு குழந்தை தானே கேட்டுவிட்ட பிறகு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். பெயருக்கு அப்போதுதான் மதிப்பு.

எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு காலையும் எந்த வரிசையில் எடுத்து வைத்து நடக்கிறது? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அவ்வளவு வேகம். குழந்தைகளிடம் ஊகிக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். முன்னிரண்டு, நடுவிரண்டு, பின்னிரண்டு என்று சிலர் எழுதுவார்கள். இடப்பக்கம் மூன்று, பிறகு வலப்பக்கம் மூன்று என்று சிலர். உடனே மூன்று குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, முன்னால் இருப்பவர் தோளைப் பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளச் செய்து நடக்கவிடுங்கள். ஆறு கால் எறும்பு தயார். ஒரு பக்கத்து மூன்று காலையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொன்னால் மூவரும் சேர்ந்து தடுமாறுவார்கள். அதற்குப் பிறகு கைப்பேசியை எடுங்கள். சாதாரணமாக அது நொடிக்கு 30 படம் பிடிக்கும். மெதுவோட்ட வசதியில் பல கைப்பேசிகள் 120 அல்லது 240 பிடிக்கின்றன. 240ஐ 30ஆக ஓட்டினால் எறும்பு எட்டு மடங்கு மெதுவாக நடக்கும். இடப்பக்கத்தில் முதல் காலும் மூன்றாம் காலும், வலப்பக்கத்தில் நடுக்காலும் ஒன்றாகத் தரையில் ஊன்றியிருக்க, மற்ற மூன்றும் முன்னே போவது தெரியும். தரையில் எப்போதும் ஒரு முக்கோணம். மறுபடி அந்த மூன்று குழந்தைகளை அப்படி நடக்கவிட்டால் தடுமாற்றம் குறையும். கேட்பது, ஊகிப்பது, எழுதுவது, உடம்பால் செய்து பார்ப்பது, கருவியால் பார்ப்பது எல்லாம் ஒரே பாடவேளையில் முடிந்துவிடுகிறது. வகுப்பறையில் தொழில்நுட்பம் இருக்கிறது என்பதற்காகத் திரையில் எறும்புப் படம் ஓடவிடுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்கள் உணர்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும். இது தெரியாத குழந்தை கிடையாது. அந்தப் பொடி என்ன? மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றும் மனு பிரகாஷ், தம் குழுவினருடன் 2014இல் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியை உலகுக்கு அறிவித்தார். அட்டையை மடித்துச் செய்வது, ஒரு மணி அளவுள்ள சிறு வில்லை, ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மூலப்பொருள் செலவு அப்போது ஒரு டாலருக்கும் குறைவாக இருந்தது. நுண்ணோக்கி என்றால் பூட்டிய அலமாரிக்குள் இருப்பது என்று வளர்ந்தவர்கள் நாம். கீழே விழுந்து கிடந்த ஓர் இறக்கைத் துண்டிலிருந்து அந்தப் பொடியைத் தொட்டு ஒட்டி இதில் பார்த்தால், காம்பு வைத்த செதில்கள் தெரியும். ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு நிறம். இறக்கையின் ஓவியமே இவற்றால் ஆனது. பொடியைத் துடைத்துவிட்டால் அடியில் நிறமற்ற சவ்வு.

இன்னொரு பெரிய கருவியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெக்மன் நிறுவனம் 1999இல் பக்ஸ்கோப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக் குழந்தைகள் தாங்கள் கண்டெடுத்த இறந்த பூச்சிகளை அஞ்சலில் அனுப்புவார்கள். குறித்த நாளில் வகுப்பறையிலிருந்தே இணையம் வழியாக அங்குள்ள எலக்ட்ரான் நுண்ணோக்கியை அவர்களே இயக்கி, ஈயின் கண்ணையும் கொசுவின் வாய்ப்பகுதியையும் தேடிப் பார்ப்பார்கள். பூச்சியியலாளர்கள் மறுமுனையில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் தட்டச்சுவார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் காற்று இருக்காது, அங்கே பார்ப்பது இறந்த பூச்சியை. ஈ தன் முன்னங்கால்களைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொள்வதை ஜன்னலோரம் பார்த்து எழுதியிருக்கும் குழந்தைக்குத்தான், அந்தக் காலின் மயிர்களைத் திரையில் பார்க்கும்போது கேட்க ஏதாவது இருக்கும்.

உயிருள்ள பூச்சி நாம் சொன்னபடி நடக்காது. அதுவே அதன் பெரிய பலம். கூட்டுப்புழு பழுத்துக்கொண்டே இருக்கும், எல்லோரும் காத்திருப்பார்கள், ஒருநாள் அதில் சிறு துளை விழுந்து, வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகப் பொடிப் பொடியான குளவிகள் வெளிவரும். அவற்றின் தாய் எப்போதோ வந்து உள்ளே முட்டையிட்டுப் போயிருக்கிறது. குழந்தைகள் அழுவார்கள், குளவிமேல் கோபப்படுவார்கள். இதைக் கண்ட சில ஆசிரியர்கள் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு புழு கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நம் வயல்களில் புழுக்கள் பெருகிப் பயிரை மொட்டையடிக்காமல் இருப்பதற்கு இத்தகைய குளவிகள் ஒரு காரணம். கரும்புத் தோட்டங்களுக்கு டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டி உழவர்களுக்குக் கொடுக்கிறார்கள். வகுப்பில் உழவர் வீட்டுப் பிள்ளை இருந்தால் அந்த அட்டையை அது பார்த்திருக்கவும் கூடும். இழப்பையும் வியப்பையும் ஒரே பக்கத்தில் எழுத இடம் கொடுங்கள். ‘எனக்கு குளவிய பிடிக்கல’ என்று எழுதினால் அதுவும் இருக்கட்டும். எத்தனை குளவி என்று எண்ணி அதற்குக் கீழே எழுதச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நம் மண்ணுக்குப் புதிதன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. பால் வைக்ஞானிக் என்ற அதன் பாடப்புத்தகத்தில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன. விடைகளைக் குழந்தைகள் தாங்கள் கண்டதிலிருந்து நோட்டில் எழுத வேண்டும். தேர்வில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் குழந்தைகள் கேள்விகளைக் கடிதமாக எழுதினார்கள், பதில் கடிதம் போனது. பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. அந்த முடிவு இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. நம் பக்கத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இலிருந்து துளிர் இதழைக் குழந்தைகளுக்காக நடத்திவருகிறது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் மரியா சிபில்லா மெரியன் என்ற சிறுமி 13 வயதில் பட்டுப்புழு வளர்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினாள். 1679இல் அவர் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு புழுவும் அது தின்னும் செடியோடும், மாறும் எல்லா நிலைகளோடும் வரையப்பட்டிருந்தது. பூச்சிகள் சேற்றிலிருந்து தாமாகத் தோன்றுகின்றன என்று படித்தவர்களில் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

நிறைவாக, இந்த அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுக்குச் செலவிடுவதோடு, சில பள்ளிகளுக்குக் கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளையும் சில காகித நுண்ணோக்கிகளையும் கோடில்லாத நோட்டுகளையும் கொடுங்கள். ஆண்டு முடிவில் குழந்தைகள் எழுதியதை, அவர்கள் சொல்லிலேயே, படங்களோடு ஒரு சிறு நூலாக அச்சிடுங்கள். எந்தத் தேதியில் முதல் முட்டை, எந்தத் தேதியில் முதல் இறக்கை, எத்தனை குளவி எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு வருபவர்கள் அக்காமார் அண்ணன்மார் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் செடியைப் பார்ப்பார்கள். போன ஆண்டு ஜூலையில் வந்த முட்டை இந்த ஆண்டு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பார்கள். மழை பிந்தியதா, பக்கத்தில் மருந்து அடித்தார்களா என்று தேடப் போவார்கள். அந்தக் கேள்விக்கு நம்மில் யாரிடமும் தயார் விடை இருக்காது. அவர்களோடு சேர்ந்து நாமும் செடிக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். செடிகளை வாங்கும் செலவில் முதல் பங்கை நான் தருகிறேன். இசைவு தெரிவிக்கும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.